ஏழு புள்ளி ஆறு

அந்தக் கண்ணாடிப் புட்டி என் கையிலிருந்துதான் நழுவியது. வேறு யாரையும் சொல்ல முடியாது. அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்குச் சோகை, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் எவ்வளவு தேறுகிறார்கள் என்று பல மாவட்டங்களில் ஒரே சமயத்தில் நடந்த பெரிய ஆய்வு அது. தலைமை இடம் மெட்ராஸ். எங்கள் வட்டாரத்துக்கான லேப் ஒரு நூல் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தது. கீழே பஞ்சு லாரிகள் நிற்கும். ஜன்னலைத் திறந்தால் மேஜை மேல் பஞ்சுத் தூசி படியும் என்பதால் எப்போதும் அடைத்தே வைத்திருப்போம்.

லேபுக்குப் பொறுப்பான டாக்டர் வெளியூர்க்காரர். வாரத்தில் மூன்று நாள் வருவார். மூத்த டெக்னீசியன் ராஜபாளையத்து முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவர் ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் எங்களைவிட நன்றாகத் தமிழில் ஏசுவார். இவ்வளவுதான் ஆட்கள்.

வேலை எளியது. அக்கா ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் ரத்தக் குழாயிலிருந்து மெல்லிய பைப்பெட்டில் ஒரு சொட்டு எடுத்து, ஐந்து மில்லி மருந்து நீரில் கலக்க வேண்டும். அந்த நீரில் கொஞ்சம் விஷம் உண்டு. வாயால் உறிஞ்சி அளக்கக் கூடாது. அதனால் புட்டியின் தலையில் ஒரு பம்பு பொருத்தியிருக்கும். ஒரு தரம் இழுத்து அமுக்கினால் சரியாக ஐந்து மில்லி விழும்படி ஒரு திருகை வைத்து முடுக்கியிருப்பார்கள். கலந்த நீர் எவ்வளவு நிறமாக இருக்கிறது என்று கலரிமீட்டர் என்ற கருவி சொல்லும். அதிலிருந்து ஹீமோகுளோபின் இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு எழுதுவோம். ஏழு கிராமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பெண்ணை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டும். ஏழுக்கு மேல், பத்துக்குள் என்றால் மாத்திரை. ஆய்வின் விதி அது.

நாங்கள் சரியாக அளக்கிறோமா என்று பார்க்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, அக்கா சில பெண்களின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் பிரித்து வெவ்வேறு எண் ஒட்டிக் கொண்டுவருவார். எது எதற்கு ஜோடி என்று எங்களுக்குத் தெரியாது. மெட்ராஸில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்னொன்று, மாதம் ஒரு முறை மெட்ராஸிலிருந்து வரும் சிறிய புட்டி. கெடாமல் பக்குவப்படுத்திய ரத்தம் அதில் இருக்கும். அதன் அளவு என்ன என்று அங்கே பல தடவை அளந்து எழுதி அனுப்பியிருப்பார்கள். கண்ட்ரோல் என்போம். தினமும் காலையில் முதல் வேலையாக அதை அளந்து, வந்த எண்ணைச் சுவரில் இருக்கும் கிராஃப் தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். தாளில் நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் சிவப்புக் கோடுகள். புள்ளி சிவப்பைத் தாண்டினால், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு பெண்ணின் ரத்தத்தையும் தொடக் கூடாது.

அந்தப் புட்டியைத்தான் போட்டு உடைத்தேன். மாதத் தொடக்கம். அண்ணன் மஞ்சள் காமாலை என்று லீவில் இருந்தார். சிமெண்டுத் தரையில் சிதறிய ரத்தத்தைப் பழைய துணியால் துடைத்து, கண்ணாடிச் சில்லுகளைக் காகிதத்தில் பொதிந்து குப்பைக் கூடையின் அடியில் தள்ளினேன். அதற்கு முந்தின மாதம் ஒரு பைப்பெட்டை உடைத்ததற்கு டாக்டர் என்னை எல்லார் முன்னிலும் நிற்க வைத்து, “இனி ஏதாவது உடைஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லியிருந்தார். அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்தார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

டாக்டரிடம் சொன்னால் மெட்ராஸுக்கு எழுதுவார். வேறு புட்டி வரும்வரை லேபை மூட வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதப் புட்டி தானாகவே வந்துவிடும். நடுவில் நாலு வாரம். கலரிமீட்டர் ஒழுங்காகத்தானே ஓடுகிறது, இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது புள்ளி வெளியே போனதுண்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென்சிலை எடுத்து நடுக்கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தேன்.

மறுநாளும் அதே இடத்தில் வைக்கப் போனபோதுதான் அது பொய் என்று பார்த்தவுடன் தெரியும் என்று உறைத்தது. பழைய மாதத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். உண்மையான புள்ளிகள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று அலைந்துகொண்டிருந்தன. நானும் அப்படியே அலைய விட்டேன். ஒரு நாள் சிவப்புக் கோட்டின் பக்கம் வரை கொண்டுபோய், அடுத்த நாள் இறக்கினேன். நாலைந்து நாளில் பயம் போய்விட்டது. வந்ததும் முகம் கழுவி, ஃபேனைப் போட்டு, புள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். அதுவும் ஒரு வேலை மாதிரியே ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருப்பது புட்டி உடைந்ததோ முதல் புள்ளியோ இல்லை. அந்தப் பழக்கம்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வயதுதான் இருக்கும். எட்டு மாத வயிறு. மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அங்கே தையல் மிஷினில் பாவாடை தைக்கிற வேலை. புருஷனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை.

“எக்கா, ரத்தம் பாத்ததுக்கு எனக்கு இன்னும் சீட்டு வரல. அதான் நேரா வந்துட்டேன்.”

“கூட யாரும் வரலியா?”

“அவியளுக்குப் பகல் ஷிப்டு. இந்தப் படி ஏறுறதுக்குள்ள நாலு மட்டம் உக்காந்துட்டேன்.”

சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “மிஷினை மிதிச்சா கண்ணு இருட்டிட்டு வருது. குடம் தூக்க முடியல. வீட்ல அவிய, வேலை செய்யாம நான் சடைக்கேனு சொல்லுதாவ. நீங்க மிஷின்ல பாத்தியள்லா, நீங்க சொல்லுங்க” என்றாள்.

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது. கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. பேரேட்டில் அவள் எண்ணைத் தேடினேன். ஏழு புள்ளி ஆறு என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளுடைய குழாய் இன்னும் ஐஸ் பெட்டியில் இருந்ததால் எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அளந்தேன். பம்பை இழுத்து அமுக்கினேன், கலக்கினேன், கலரிமீட்டரில் வைத்தேன். ஏழு புள்ளி ஐந்து. முதலில் வந்ததும் இப்போது வந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கண்ணால் பார்த்துச் சொல்வதில் தப்பு வரும், அதற்காகத்தான் கருவி என்று படிக்கும்போது சொல்லித் தந்திருந்தார்கள்.

“ரெண்டு தடவ பாத்துட்டேன். ஏழரை இருக்கு. ஏழுக்குக் கீழ போனாத்தான் ஆஸ்பத்திரி. பயப்படாதீங்க.”

“அப்பம் ஒண்ணும் இல்லியா?”

“கம்மிதான். ஆனா மாத்திரையை விடாமச் சாப்பிட்டாச் சரியாப் போகும்.”

சீட்டில் ஏழு புள்ளி ஆறு என்று எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படியில் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

அண்ணன் வேலைக்குத் திரும்பியபோது கண்களில் இன்னும் மஞ்சள் தெரிந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. மேஜையில் உட்கார்ந்து, முதல் குழாய்க்கு மருந்து நீர் எடுக்கப் பம்பை இழுத்தவர் நிறுத்திவிட்டார். மறுபடி இழுத்தார்.

“ஏம்மா, இது என்ன கைக்கு லேசா வருது?”

அவர் அளவுக் குழலை எடுத்து அதில் ஒரு தரம் அமுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐந்துக்குப் பதிலாக நாலரைக்கும் கீழே நின்றது. பத்துத் தரம் அமுக்கிப் பார்த்தார். பத்துத் தரமும் அதே அளவு. பம்பின் திருகு தளர்ந்து பாதி மரை இறங்கிப் போயிருந்தது.

நீர் குறைந்தால் கலவையின் நிறம் கெட்டியாகும். நிறம் கெட்டியானால் இல்லாத ரத்தம் இருப்பதாக எண் வரும். ஒரு பெண்ணை இரண்டு தரம் அளந்தாலும், இரண்டு குழாயில் அனுப்பினாலும், இரண்டும் ஒரே மாதிரி கூடுதலாகத்தான் காட்டும். ஜோடிகள் அழகாகப் பொருந்திப் போகும். இதைக் காட்டிக்கொடுக்க ஒன்றால்தான் முடியும், அளவு முன்பே தெரிந்த அந்தப் புட்டியால்.

அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். “கண்ட்ரோல் எப்படி உள்ள நிக்குது? புட்டி எங்க?”

உடைந்துவிட்டது என்றேன். எப்போது என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய்த் தாளின் முன்னால் நின்று, விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “நான் இருந்திருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்காது. அம்புட்டு நல்லா வச்சிருக்க” என்றார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. டாக்டர் வரும் நாள் அன்று காலையில் மட்டும், “நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிரு” என்றார்.

சொன்னேன். டாக்டர் நான் பயந்த மாதிரி கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். “நாலரைக்கு ஐந்து. எல்லா எண்ணையும் அந்த விகிதத்துல குறைச்சுட்டா?”

“திருகு எந்த நாள் தளர்ந்துச்சுனு தெரியாதே சார்” என்றார் அண்ணன். “கொஞ்சங் கொஞ்சமா இறங்குச்சா, ஒரே நாள்ல இறங்குச்சா, எதுவும் தெரியாது. எந்த நாளுக்கு எம்புட்டுக் குறைப்பீங்க?”

டாக்டர் பேனாவை மூடினார். கிராஃபில் உண்மையான புள்ளிகள் இருந்திருந்தால் அது எந்த நாள் என்று அவை சொல்லியிருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மெட்ராஸுக்குக் கடிதம் போயிற்று. மாதத் தொடக்கத்தில் புட்டி உடைந்துவிட்டது, கருவிக் கோளாறு என்று எழுதியிருந்தார். என் பெயரும் புள்ளிகளும் அதில் இல்லை. என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கடைசியாகக் கண்ட்ரோல் அளந்த நாளுக்குப் பிறகு வந்த எல்லா எண்களையும் தள்ளிவிட வேண்டும், அந்தப் பெண்கள் எல்லாரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று வந்தது. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஏழு கிராமை ஒட்டி இருப்பவர்களையாவது உடனே போய்ப் பார்த்துவிடுவோம் என்று அண்ணன் முன்பே கேட்டிருந்தார். கடிதம் வரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரத்தைப் பற்றி நாங்கள் மூவரும் பின்னால் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

கடிதம் வந்த மறுநாளே நானும் அக்காவும் கிளம்பினோம். பட்டியலில் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தவர்களை முதலில் எடுத்துக்கொண்டோம். சிலர் பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டிருந்தார்கள். சேத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மாமியார்க்காரி எங்களை வாசலிலேயே மறித்தாள். “ஒரு மட்டம் உறிஞ்சினது பத்தாதா? அதை வித்துத் திங்கியளா?” அக்கா கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் எடுத்தார். அந்த மருமகளுக்கு ஆறரை இருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் பிழைத்தாள்.

தளவாய்புரம் மூன்றாவது நாள். தெருவுக்குள் நுழையும்போதே ஒரு கிழவர் அக்காவை அடையாளம் கண்டு, “இப்பம் எதுக்கு வாரிய? அந்தப் பிள்ளைதான் போய்ச் சேந்துட்டே” என்றார்.

அவள் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டிலேயே பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, பெண். அதற்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வாடகைக் காரைப் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். ராஜபாளையம் எல்லைக்குள் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கிழவர் சொல்லி முடிக்கும் முன் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து நாளைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். கடிதத்துக்காக நாங்கள் காத்திருந்த வாரத்துக்குள் அது விழுந்தது.

வீட்டில் அவள் புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குள். உள்ளே யாரோ ஒரு பெண் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து அவன் எழுந்து பாயை விரித்தான். நான் உட்காரவில்லை.

“உங்க வீட்ல அவங்களுக்குக் குடுத்த சீட்டு தப்புங்க.”

“எந்தச் சீட்டு?”

“ரத்தம் ஏழரை இருக்குனு எழுதினது. நெசத்துல ஏழுக்குக் கீழதான் இருந்திருக்கும். மிஷின்ல கோளாறு. நான் கவனிக்கல. அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேத்திருக்கணும்.”

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார், போதும் என்று. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்க வருவான் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அப்பம் அவ சொன்னதெல்லாம் நெசந்தானா?” என்றான்.

“என்ன சொன்னாங்க?”

“முடியல முடியலன்னா. மூச்சு விட முடியலன்னா. வேலை செய்யாம படுத்தே கெடந்தா. நாந்தான் ஏசினேன். லேப்புல ரெண்டு மட்டம் பாத்தாச்சுல்லா, ஒண்ணும் இல்லனு சீட்டு குடுத்திருக்காவல்லா, பொறவு என்னட்டி சடைக்கேனு…” நிறுத்தினான். “அதுக்குப் பொறவு அவ ஒண்ணும் சொல்லல. எந்திச்சுப் போய் மிஷின்ல உக்காந்தா.”

உள்ளே குழந்தை புரையேறி இருமியது. அந்தப் பெண் அதன் உச்சியில் ஊதினாள்.

நான் அதைச் சொன்னது, அவன் என்னை மன்னிப்பான் என்றோ தண்டிப்பான் என்றோ நினைத்து. இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய எண் அவளை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மட்டும் செய்யவில்லை. அவள் வாயையும் அடைத்துவிட்டது. தன் உடம்பைப் பற்றி அவள் சொன்னதை நம்ப அந்த வீட்டில் ஒரு ஆளும் இல்லாமல் செய்துவிட்டது.

நாங்கள் தெருவுக்கு வந்த பிறகு அவன் பின்னாலேயே வந்தான். “இதை எழுதித் தருவியளா? அவ அம்மைட்டக் காட்டணும். உங்க மகளுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கலனு நான் அவியட்டயும் சொல்லிட்டேன்.”

டாக்டரிடம் கேட்டேன். முடியவே முடியாது என்றார். “ரத்தப்போக்குல பத்து கிராம் இருக்கறவங்களும் போயிருக்காங்க. உன் எண்ணாலதான் செத்தாள்னு யாராலயும் சொல்ல முடியாது. எழுதிக் குடுத்தா அது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகும்.” அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதை நானும் பல வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானே.

அன்று வீட்டுக்குப் போய் ஒரு முழுத் தாளில் எழுதினேன். மிஷின் கோளாறு என்று தொடங்கிய முதல் தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது தாளில், தினமும் செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதியவள் நான், அதனால் கருவியின் கோளாறு தெரியாமல் போயிற்று, உங்கள் மனைவிக்குச் சொல்லப்பட்ட அளவு தவறு, தனக்கு முடியவில்லை என்று அவர் சொன்னது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மில் வாசலில் ஷிப்டு விடுகிற நேரத்தில் போய் நின்றேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. நின்றபடியே இரண்டு தரம் வாசித்தான்.

“செய்யாமலே செஞ்சதா எழுதினியளா?”

“ஆமா.”

“அன்னிக்கு இதைச் சொல்லல.”

“சொல்லல.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்காவிடமும் அதன் பிறகுதான் முழுவதையும் சொன்னேன். அதுவரை திருகு விஷயம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். கையில் வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். “ஏட்டி, வீடு வீடாப் போயி அந்த நம்பரைச் சொன்னது என் வாயிட்டி. உன்னைய யாருக்கும் தெரியாது. என்னையத்தான தெரியும்?” என்றார். அவர் அந்த வேலையில் மேலும் இரண்டு மாதம்தான் இருந்தார். போகும்போது அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

நான் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அண்ணன் பம்பைத் தினமும் அளவுக் குழலில் சரிபார்க்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். புதுப் புட்டி வந்தது. காலையில் அதை அளந்து புள்ளி வைக்கும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஆய்வு முடியும்வரை ஒரு நாளும் தவறியதில்லை. அவர் என்னை வெறுத்தார் என்று சொல்ல மாட்டேன். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு எப்போதும் போலச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். ஆனால் நான் சொன்ன ஒரு எண்ணைக்கூட அவர் மறுபடி பார்க்காமல் எழுதிக்கொண்டதில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆய்வு முடிந்து லேபை மூடிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். வேலைக்குப் போகும் வழியில் கோர்ட் இருந்தது. இரண்டு மூன்று வருஷம், கையில் காகிதக் கட்டோடு யாராவது லேபுக்குள் வந்தால் அந்தக் கட்டைத்தான் முதலில் பார்ப்பேன். சம்மன் வந்துவிட்டது என்றே நினைப்பேன். வரவில்லை. வந்திருக்கலாம் என்றும் சில சமயம் தோன்றும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வின் அறிக்கை அச்சாகி வந்தது. அண்ணன் தன் பிரதியை எனக்குப் படிக்கக் கொடுத்தார். தடித்த புத்தகம். அளவுகளின் தரத்தை எப்படிக் காத்தோம் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதன் நடுவில், ஒரு மையத்தில் கருவிக் கோளாறு காரணமாகச் சில வார அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று ஒரே ஒரு வரி. சரியான வரிதான். அப்படித் தள்ளியதால்தான் மீதி எண்களை நம்ப முடிந்தது. ஆனால் தள்ளிய அளவுகளோடு அந்த அளவுக்குரிய பெண்களும் போய்விட்டார்கள். கர்ப்ப காலத்தில் இறந்தவர்கள், பிரசவத்தில் இறந்தவர்கள் என்று பின்னால் ஒரு அட்டவணை இருந்தது. எங்கள் மையத்துக்கு நேரே இருந்த எண்ணிக்கையில் அவள் இல்லை. அண்ணனிடம் கேட்டேன். “எப்படிம்மா சேப்பாங்க? அவளோட ரத்தம் எம்புட்டுனு யாருக்கும் தெரியாதே” என்றார்.

அவனை ஒரே ஒரு முறைதான் மறுபடி பார்த்தேன். ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமை. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு மலை ஏறப் போகிற கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நெரிந்தது. அவன் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு முன்பே அவன் என்னைப் பார்த்துவிட்டான். விலகிப் போவான் என்று நினைத்தேன், போகவில்லை.

“அந்தத் தாளு வீட்ல இருக்கு” என்றான். “அவ அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ரெண்டு நாளு சாப்பிடல. பொறவு எங்க வீட்டுக்கு வாரதை நிறுத்திட்டாவ. பிள்ளையப் பாக்கணும்னா ஆளை விட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுவாவ.”

சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பிள்ளை. முகம் கொஞ்சம் வெளிறியிருந்த மாதிரி எனக்குப் பட்டது. யோசிக்காமல் குனிந்து, அவள் கீழ் இமையை இறக்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் செய்த பழக்கம். அவன் பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“வேண்டாம்மா” என்றான். கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

மலைக்குப் போகிற பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. அவன் பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தானும் படியில் தொற்றிக்கொண்டான். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். பிறகு லேபுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.